19273: ஆம்ட் நொய்ஹவுஸ் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

கேள்வி, 11 மார்ச் 2024

ஹம்புர்க்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் டெலிவரி அட்டவணை போடும் வேலை. எங்கள் மென்பொருளில் 19273 என்ற அஞ்சல் எண் மெக்லென்புர்க்-ஃபோர்பொமெர்ன் மாநிலம் என்று இருக்கிறது. அங்கே மார்ச் 8 மகளிர் தின விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பவில்லை. இன்று காலை வாடிக்கையாளர் போனில் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "நாங்கள் நீடர்சாக்சன், எங்களுக்கு ஏது விடுமுறை?" என்கிறார். ஊர் ஆம்ட் நொய்ஹவுஸ். அவர் போன் எண் 038841 என்று தொடங்குகிறது, அது பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கத்து எண். மேப்பில் பார்த்தால் எல்பெ ஆற்றுக்குக் கிழக்குக் கரை. யார் சொல்வது சரி? இந்த ஊர் விவகாரம் தெரிந்த அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

11 மார்ச், இரவு

வாடிக்கையாளர் சொல்வதுதான் சரி. ஆம்ட் நொய்ஹவுஸ் நீடர்சாக்சன் மாநிலம், லூனெபுர்க் மாவட்டம். 1993 ஜூன் 30 முதல் அப்படித்தான். ஐந்து இலக்க அஞ்சல் எண்கள் ஜெர்மனி முழுக்க நடைமுறைக்கு வந்தது 1993 ஜூலை 1. இடையில் ஒரே ஒரு நாள்! எண்களைப் பங்கிட்டபோது இந்த ஊர்கள் இன்னும் மெக்லென்புர்க்கில்தான் இருந்தன. அதனால் 19 என்று தொடங்கும் ஷ்வெரின் பக்கத்து எண் ஒட்டிக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ப்ளெக்கெடெ 21354, இந்தப் பக்கம் 19273. இரண்டும் ஒரே மாவட்டம்.

இதே 19273 பக்கத்து டெல்டாவ் ஊருக்கும் உண்டு. அது இன்றும் மெக்லென்புர்க். ஆக, அஞ்சல் எண்ணை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் எந்த மென்பொருளும் இங்கே உதைக்கும். எட்டு இலக்க நகராட்சிக் குறியீட்டை வைத்துப் பாருங்கள் தம்பி. 03 என்று தொடங்கினால் நீடர்சாக்சன், 13 என்றால் மெக்லென்புர்க்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கூத்துதான், அங்கே அக்டோபர் 31. சீர்திருத்த நாள் என்ற புராட்டஸ்டண்ட் பண்டிகை மெக்லென்புர்க்கில் 1990களிலிருந்தே விடுமுறை. நீடர்சாக்சனில் 2018இல்தான் நிரந்தர விடுமுறையானது. அதுவரை வருஷா வருஷம் இந்த ஊர்ப் பெட்டிகள் ஒரு நாள் கிடங்கில் தூங்கின. 2018க்குப் பிறகு தொல்லை தானாகவே தீர்ந்தது. யாரும் எதையும் திருத்தவில்லை, சட்டம் மாறியது, அவ்வளவுதான். 2023இல் மெக்லென்புர்க் மார்ச் 8ஐ விடுமுறையாக்கியதும் திருத்தாமல் விட்டது மறுபடி முளைத்துவிட்டது. உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

13 மார்ச்

மேலே ஒருவர், "இரு ஜெர்மனிகளும் இணைந்தபிறகு மேற்கு ஜெர்மனி கிழக்கிலிருந்து பிடுங்கிக்கொண்ட நிலம்" என்று எழுதியிருக்கிறார். கதை அப்படியே தலைகீழ். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதி முதலில் சாக்ஸ்-லாவென்புர்க் பிரபுக்களுடையது. 1619 வரை நொய்ஹவுஸ்தான் அவர்கள் இருந்து ஆண்ட இடம், அப்புறம் ராட்ஸெபுர்குக்குப் போனார்கள். 1689இல் கடைசிப் பிரபு ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பக்கத்து செல்லெ பிரபு கெயோர்க் வில்ஹெல்ம் படையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அவரும் 1705இல் போனபின் எல்லாம் ஹனோவர் அரசின் கைக்கு வந்தது. 1815இல் ஹனோவர், எல்பெக்கு வடக்கே இருந்த லாவென்புர்க் நிலத்தைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது, பிரஷ்யா அதை டென்மார்க்குக்குத் தள்ளிவிட்டது. ஆனால் நொய்ஹவுஸ் வட்டத்தை மட்டும் ஹனோவர் விடவில்லை. அன்றிலிருந்தே இது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஹனோவர் துண்டு.

1866இல் பிரஷ்யா ஹனோவரையே விழுங்கியது. 1885இல் மாவட்டங்கள் வகுத்தபோது, ப்ளெக்கெடெ வட்டமும் நொய்ஹவுஸ் வட்டமும் சேர்ந்து ப்ளெக்கெடெ மாவட்டம் ஆயின. தலைமையிடம் மேற்குக் கரையில். 1932இல் அந்த மாவட்டத்தையும் லூனெபுர்க்கோடு இணைத்துவிட்டார்கள். 1945 வரை இது ஹனோவர் மாகாணம், லூனெபுர்க் மாவட்டம்.

போர் முடிந்தபோது நேச நாடுகளின் பங்கீட்டுக் கணக்குப்படி ஹனோவர் மாகாணம் முழுக்க பிரிட்டன் பங்கு. அதாவது நொய்ஹவுஸும். ஆனால் போரின் கடைசி வாரங்களில் எல்பெ மேல் இருந்த டோமிட்ஸ் பாலம், லாவென்புர்க் பாலம் இரண்டும் உடைந்துபோயின. ஆற்றைத் தாண்டி இந்தத் துண்டுக்கு ஆளும் உணவும் அனுப்புவதில் பிரிட்டிஷாருக்கு அக்கறையில்லை. 1945 ஜூலை 1 அன்று மேற்கு மெக்லென்புர்க்கை சோவியத் படையிடம் விட்டுப் போனபோது இதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். மெக்லென்புர்க்கின் ஹாகெனோவ் மாவட்டத்தில் சேர்த்தது அப்போதுதான். 1952இல் கிழக்கு ஜெர்மனி மாநிலங்களைக் கலைத்ததும் ஷ்வெரின் வட்டாரம், ஹாகெனோவ் மாவட்டம்.

நாற்பத்தெட்டு வருஷம் வேறு பக்கம் இருந்த நிலம் 1993இல் பழைய மாவட்டத்துக்கே வந்தது. இதில் யார் யாரிடமிருந்து பிடுங்கினார்கள்?

13 மார்ச், சற்று நேரம் கழித்து

"ஸ்டாலின் யால்டா மாநாட்டில் கேட்டு வாங்கினார்" என்று இன்னொரு பதில். யால்டாவில் இவ்வளவு சின்ன ஊருக்கெல்லாம் நேரம் இருந்திருக்குமா? பங்கீடு மாகாண எல்லைகளை வைத்துத்தான். இந்த ஊரைப் பொறுத்தவரை அந்தப் பங்கீட்டை மீறித்தான் கொடுத்தார்கள்.

14 மார்ச்

தாய் மாநிலத்துக்குத் திரும்பிய ஊர் என்று ஒருவர் உருகியிருக்கிறார். ஒரு சின்னச் சங்கடம். நீடர்சாக்சன் என்ற மாநிலமே 1946 நவம்பரில்தான் பிறந்தது. நொய்ஹவுஸ் அதற்கு முந்தைய வருஷமே கைமாறிவிட்டது. விட்டுப்போனது பிரஷ்யாவின் ஹனோவர் மாகாணத்தை, வந்து சேர்ந்தது தான் ஒருநாளும் இருந்திராத ஒரு மாநிலத்தில். மாவட்டம் மட்டும்தான் பழையது. அதனால் நான் எங்கே எழுதினாலும் 'லூனெபுர்க் மாவட்டத்துக்குத் திரும்பியது' என்றுதான் எழுதுவேன்.

17 மார்ச்

எப்படி மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஜெர்மன் அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு மாநில எல்லைகளைப் பற்றியது. பெரிய மாற்றம் என்றால் கூட்டாட்சிச் சட்டம், மக்கள் வாக்கு என்று வழி நெடுகத் தடை. ஆனால் அதன் ஏழாம் உட்பிரிவு சின்ன விவகாரங்களுக்கு ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது: மக்கள்தொகை ஒரு வரம்புக்குள் இருந்தால் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். 1993இல் அந்த வரம்பு 10,000 பேர். அடுத்த வருஷம் 50,000 ஆக்கினார்கள். நொய்ஹவுஸ் ஊர்கள் எல்லாம் சேர்ந்தும் 10,000க்குக் கீழே. அந்தச் சந்தில் புகுந்து வந்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1993 மார்ச்சில். அதே வருஷம் அக்டோபர் 1 அன்று டெலியன், ஹார், கார்ஸென், நொய்ஹவுஸ், ஷ்டாபெல், சூக்காவ், சும்டெ, ட்ரிப்காவ் என்ற எட்டு ஊராட்சிகளும் கலைந்து ஒரே ஊராட்சி ஆயின. பெயர் ஆம்ட் நொய்ஹவுஸ். பரப்பு சுமார் 237 சதுர கிலோமீட்டர், இன்று மக்கள் 5,000 பேருக்கும் குறைவு. காலியான நிலம், பெரிய வானம், நடுநடுவே செங்கல் வீடுகள்.

18 மார்ச்

சின்னதாக ஒன்று. எட்டு ஊராட்சிகளோடு டெல்டாவ் ஊராட்சியின் சில குடியிருப்புகளும் 1993இல் வந்தன. நொய் ப்ளெக்கெடெ, நொய் வெண்டிஷ்டூன் இரண்டும் ப்ளெக்கெடெ நகராட்சியில் சேர்ந்தன. ஆக ப்ளெக்கெடெக்கும் கிழக்குக் கரையில் கொஞ்சம் நிலம் உண்டு. மேப்பில் ஆற்றையே எல்லைக்கோடாக வைத்து வண்ணம் தீட்டாதீர்கள்.

24 மார்ச்

ஒரு வாரமாக இதே யோசனை. எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் நிர்வாக வரலாறு முழுக்கப் பாலம் இல்லாத கதைதான். பாலம் உடைந்ததால் 1945இல் கைமாறியது. 1993இல் மாவட்டத்தோடு சேர்ந்தபோது பாலம் வரும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. இன்றுவரை பாலம் இல்லை. டோமிட்ஸில் சாலைப் பாலம் 1992 டிசம்பரில் திறந்தது, மறுமுனையில் லாவென்புர்க். இரண்டுக்கும் நடுவே ஆற்றின் போக்கில் சுமார் 60 கிலோமீட்டர். அந்த இடைவெளியில்தான் ஆம்ட் நொய்ஹவுஸ் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

25 மார்ச்

"1689 முதல் 1945 வரையும்தான் அந்த இடைவெளியில் பாலம் இல்லை. இருநூற்றைம்பது வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஆண்டார்களே?" என்று நல்ல குத்து விட்டிருக்கிறார் ஒருவர்.

உண்மைதான், யோசிக்க வைத்த கேள்வி. அந்தக் காலத்தில் நிர்வாகம் என்றால் என்ன? வரி, கோர்ட், காடு, கரை பராமரிப்பு. வட்ட அதிகாரி நொய்ஹவுஸிலேயே இருந்தார், குடியானவன் அவரைப் பார்க்க ஆற்றைத் தாண்டவே வேண்டாம். 1885க்குப் பிறகு மாவட்ட அலுவலகம் மேற்குக் கரைக்குப் போனதும்தான் ஆறு குறுக்கே நிற்க ஆரம்பித்திருக்கும். 1945இல் லாரி ஓட்டி சோறு போடவேண்டிய ராணுவத்துக்கு அது இன்னும் பெரிய தடை. ஆகவே பாலம் இல்லை என்பது மட்டும் காரணமில்லை, அலுவலகம் எந்தக் கரையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான். என் கருத்தை முழுக்கக் கைவிடமாட்டேன், ஆனால் இந்த ஒட்டோடு வைத்துக்கொள்கிறேன்.

2 ஏப்ரல்

எல்லைக் காலம் பற்றிக் கேட்டவருக்கு. எல்பெ அங்கே இரு ஜெர்மனிகளுக்கு இடையே எல்லை. ஆற்றின் நடுவில் எல்லை என்றது கிழக்கு, கிழக்குக் கரை ஓரம்தான் எல்லை என்றது மேற்கு. கடைசி வரை தீராத சண்டை அது. 1952இலிருந்து எல்லையை ஒட்டி ஐந்து கிலோமீட்டருக்குத் தடைப் பகுதி, கரையை ஒட்டிய 500 மீட்டர் அதைவிடக் கெடுபிடி. வெளியூர்ச் சொந்தக்காரர் வரவேண்டும் என்றால் அனுமதிச் சீட்டு. 1952 கோடையிலும் 1961 அக்டோபரிலும் நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்தி எல்லையோரக் குடும்பங்களை மூட்டை கட்ட வைத்து உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். 1952 நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'பூச்சி ஒழிப்பு'. மனிதர்களைத்தான் சொல்கிறார்கள்!

1993இல் இந்த ஊர்க்காரர்கள் ஏன் மெக்லென்புர்க்கை விட்டு வரத் துடித்தார்கள் என்று கேட்பவர்கள் இதை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஹாகெனோவ் என்றால் ஒரு மாவட்டம் மட்டுமில்லை, அனுமதிச் சீட்டு கொடுத்த காலத்தின் முகவரியும்கூட.

3 ஏப்ரல்

ரூட்டெர்பெர்க் இதில் சேருமா? சேராது. பக்கத்தில்தான், ஆனால் அது எப்போதுமே மெக்லென்புர்க் ஊர். முன்னும் பின்னும் வேலி போட்டு அடைத்த ஊர் அது. 1989 நவம்பர் 8 அன்று ஊர்க்கூட்டம் போட்டுத் தங்களைக் 'கிராமக் குடியரசு' என்று அறிவித்தார்கள். மறுநாள் பெர்லின் சுவர் திறந்துவிட்டது. பாவம், ஒருநாள் முந்திவிட்டார்கள், செய்தித்தாளில் இடம் கிடைத்திருக்காது.

29 ஏப்ரல்

வார இறுதியில் போய் வந்தேன். மேற்கே நொய் டார்ஹாவ் கரையில் 'டான்யா' என்ற கார் ஏற்றும் படகு. இறக்கத்தில் வரிசையாகக் கார், எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னே ஒரு பேக்கரி வேன், நம்பர் பிளேட் எல்.ஜி., அதாவது லூனெபுர்க். கதவில் எழுதியிருந்த போன் எண் 038841. மேற்கு மாவட்டத்தின் பிளேட்டும் கிழக்குப் பக்கத்து எண்ணும் ஒரே வண்டியில். மேலே இருக்கிற குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டு அந்தப் படத்தை மட்டும் போட்டிருக்கலாம், ஆனால் எடுத்த படத்தில் பாதி என் விரல்தான் இருக்கிறது.

படகின் இரும்புத் தட்டு கரையில் உரசி இறங்கியதும் கார்கள் ஒவ்வொன்றாக ஏறின. காசு வாங்குபவர் கதவோரம் வந்து நின்று வாங்கினார். அக்கரை டார்ஹாவில் பழைய காவல் கோபுரம் இன்னும் நிற்கிறது. கோனாவ் போனால் அணைக்கரை ஓரமாக நீண்டு கிடக்கும் பழைய பண்ணை வீடுகள், மரச்சட்டமும் செங்கலும். சாலையோரம் பழ மரங்கள் பூத்திருந்தன. யாரும் புதிதாகக் கட்ட முடியாத தடைப் பகுதியில் இருந்ததால்தான் அந்த ஊர் கலையாமல் தப்பியது என்று நினைக்கிறேன். சுற்றிப்பார்க்க வந்தவனுக்கு அழகு, அங்கேயே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு.

30 ஏப்ரல்

வெள்ளம் வந்தால் படகு நிற்கும், பனிக்கட்டி மிதந்தால் நிற்கும், கோடையில் தண்ணீர் வற்றினாலும் நிற்கும். அப்போது மாவட்டத் தலைநகருக்கோ மேற்குக் கரைப் பள்ளிக்கோ போகவேண்டியவர்கள் டோமிட்ஸ் அல்லது லாவென்புர்க் வழியாகச் சுற்றவேண்டும்.

பாலம் ஏன் கட்டவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாகச் சொன்னால், பாலம் திட்டமிட்ட இடத்தில் இரண்டு கரையும் வேறு வேறு மாவட்டம். டார்ஹாவ் இருப்பது லூனெபுர்க் மாவட்டத்தில். எதிர்க்கரை நொய் டார்ஹாவ் லூஹோவ்-டானென்பெர்க் மாவட்டம். பாலம் வேண்டும் என்பவர்கள் கிழக்கே. லாரிகள் எங்கள் ஊருக்குள் வரும் என்று தயங்குபவர்கள் மேற்கே. அப்புறம் ஆற்றங்கரை முழுக்க இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. 2013 ஜனவரியில் லூனெபுர்க் மாவட்டம் மக்களிடம் கருத்துக் கேட்டது. மாவட்டத்தின் பங்கு 1 கோடி யூரோவைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு கட்டலாம் என்ற பக்கம்தான் கனத்தது. நிபந்தனையும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது, ஆற்றில் தூண் மட்டும் இல்லை.

6 மே

சும்டெ பற்றி யாரும் எழுதவில்லையே! 2015இல் உலகப் பத்திரிகை எல்லாம் வந்து நின்ற ஊர். சுமார் 100 பேர் இருக்கும் கிராமம். அங்கே ஒரு கடன் வசூல் நிறுவனம் விட்டுப்போன அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1,000 அகதிகளை அங்கே தங்கவைக்கிறோம் என்றது மாநில அரசு, பிறகு 750 என்றது. கழிவுநீர் எங்கே போகும், பஸ் உண்டா, தெருவிளக்கு எத்தனை மணி வரை எரியும் என்றுதான் ஊர்க்கூட்டத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். முடிவெடுத்தது மாநிலத் தலைநகர் ஹனோவர், தாங்கவேண்டியது ஊராட்சி. மாநிலம் மாறினால் முடிவு எங்கிருந்து வருகிறது என்பதும் மாறும் என்பதை இந்த ஊர் அப்போது நன்றாகவே பார்த்தது.

7 மே

ஓய்வூதியக் கேள்விக்கு: ஆமாம், நீடர்சாக்சனில் இருந்தாலும் இவர்களுக்குப் பழைய கிழக்கு ஜெர்மனிக்கான ஓய்வூதியக் கணக்குதான் இருந்தது. ஓய்வூதியச் சட்டம் 1990 அக்டோபர் 3 அன்று எந்த நிலம் கிழக்கு என்றுதான் பார்த்தது, பின்னால் மாநிலம் மாறியதைப் பார்க்கவில்லை. 2023 ஜூலையில் கிழக்கு, மேற்கு ஓய்வூதிய மதிப்பு ஒன்றாகிவிட்டதால் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன் ஒரே மாவட்டத்தில் ஆற்றின் இரு கரைக்கும் இரண்டு கணக்கு.

19 மே

லாஸான் ஊரும் இப்படிக் கைமாறியதுதானே என்று கேட்டவருக்குத் தாமதமாக. 1945 நவம்பரில் ஷால்ஸே ஏரிப் பக்கம் பிரிட்டிஷாரும் சோவியத்தும் ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். ஸீத்தென், மெஹோவ், பேக் எல்லாம் மேற்கே வந்தன. டெஹோவ், லாஸான் முதலியவை கிழக்கே போயின. நொய்ஹவுஸ் மாதிரி அவை 1990களில் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. லாஸான் இன்றும் மெக்லென்புர்க்தான். ஆகையால் 1945இல் மாறிய எல்லாம் இணைப்புக்குப் பிறகு சரிசெய்யப்பட்டன என்று எழுதாதீர்கள்.

2 ஜூன்

"நொய்ஹவுஸ்காரர்கள் மெக்லென்புர்க்கிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" கணக்கு லேசுதான். 1994இல் ஹாகெனோவ் மாவட்டமே காணாமல் போய் லுட்விக்ஸ்லுஸ்ட் மாவட்டத்தில் கரைந்தது. 2011இல் அதுவும் பார்ஹிமோடு சேர்ந்து லுட்விக்ஸ்லுஸ்ட்-பார்ஹிம் ஆனது. பரப்பில் ஜெர்மனியின் இரண்டாவது பெரிய மாவட்டம் அது, தலைமையிடம் பார்ஹிம். நொய்ஹவுஸிலிருந்து பார்ஹிம் போய்க் கையெழுத்து வாங்குவதற்கு லூனெபுர்க்கே பக்கம், படகு ஓடினால். ஓடாத நாளில் எது பக்கம் என்று யாராவது கார் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.